எதுக்களிப்புக்கு இந்தியில் என்ன?

நாக்பூருக்கு மாற்றலாகி வந்து ஒன்பது வருஷம். லோன் கட்டாதவரிடம் சண்டை போடுகிற அளவுக்கு இந்தி வரும். ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் 'கேஸ், அசிடிட்டி' என்ற இரண்டு வார்த்தையோடு என் இந்தி தீர்ந்துவிடும். ஊரில் ஆச்சி இதையே மூன்றாகப் பிரித்துச் சொல்வாள். நெஞ்சு கரிக்குது, புளிச்ச ஏப்பம் வருது, எதுக்களிக்குது. மூன்றாவதுதான் விஷயமே. குனிந்தாலோ படுத்தாலோ தின்றது தொண்டை வரை திரும்பி வருவது.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டதில் என் மச்சினனுக்கு ஒரு ஆபரேஷன் இரண்டாகிவிட்டது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

(டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து வவுச்சரில் கையெழுத்துப் போடுகிற ஆள். உங்கள் டாக்டரிடம் கேட்பதற்குக் கேள்வி கிடைத்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.)

மச்சினன் புனேயில் சாஃப்ட்வேர். 2019ல் 128 கிலோ, பி.எம்.ஐ. 43. கூட வேலை பார்ப்பவர் ஸ்லீவ் செய்து இளைத்ததைப் பார்த்து இவனும் போனான். ஃபாரத்தில் 'வேறு உபாதைகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினான். தினம் ராத்திரி ஜெலுசில் குடிக்கிறவன்! ஏண்டா மறைச்சே என்று பிறகு கேட்டால், "அத்தான், அதெல்லாம் ஒரு வியாதியா? நம்ம வீட்ல எல்லாருக்கும் இருக்கே" என்கிறான். அங்கேயும் யாரும் துருவிக் கேட்கவில்லை, எண்டோஸ்கோபியும் பார்க்கவில்லை.

ஸ்லீவ் என்றால் இரைப்பையை நெடுக்குவாட்டில் வெட்டி முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவது. மிச்சம் இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். கொஞ்சம் தின்றாலே நிரம்பிவிடும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிற மேல்பகுதியும் போய்விடுவதால் பசியும் குறையும். எடை நன்றாகவே இறங்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பை குழாயாக மாறினால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. மேலே வால்வு ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அமிலம் எங்கே போகும்? மேலேதான்.

ஃபின்லாந்தில் 240 பேரைச் சேர்த்து, பாதிப்பேருக்கு ஸ்லீவ், பாதிப்பேருக்கு பைபாஸ் செய்து பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 2022ல் முடிவு வெளிவந்தது. எண்டோஸ்கோபி பார்த்தவர்களில் உணவுக்குழாய் புண்பட்டிருந்தது ஸ்லீவ்காரர்களில் 31 சதவீதம், பைபாஸ்காரர்களில் 7 சதவீதம். ஸ்லீவ் செய்த எல்லோருக்கும் இது வருவதில்லை, எடை குறைந்ததில் எதுக்களிப்பு நின்றவர்களும் உண்டு. ஆனால் என் மச்சினன் அந்த அதிர்ஷ்டக் கட்சியில் இல்லை. 90 கிலோவுக்கு இறங்கினான், சோபாவில் உட்கார்ந்தபடி தூங்கினான்.

"எதுக்களிப்புக்கென்று தனியாக ஒரு ஆபரேஷன் இருக்கிறதே, அதைச் செய்யக் கூடாதா?" என்று தங்கமணி கேட்டாள். இருக்கிறது. ரூடால்ஃப் நிஸ்ஸன் என்பவர் 1950களில் கொண்டுவந்த ஃபண்டோப்ளிகேஷன். (இதே நிஸ்ஸன்தான் 1948ல் ஐன்ஸ்டீனுக்கு வயிற்று ரத்தக்குழாய் வீக்கத்தை செலஃபேன் சுற்றி ஆபரேஷன் செய்தவர். சுற்றுவதில் மனுஷருக்கு என்ன பிரியமோ!) இரைப்பையின் மேல்பகுதியை, கழுத்தில் மஃப்ளர் சுற்றுவது போல, உணவுக்குழாயின் அடிப்பக்கம் சுற்றித் தைத்துவிடுவது. வால்வு இறுகிவிடும். சிலருக்கு அதன் பிறகு ஏப்பம்கூட விட முடியாமல் வயிறு உப்பும். இதனால் எடை குறையாது. அதிக குண்டாக இருப்பவர்களுக்குச் சுற்று அவிழ்கிற வாய்ப்பும் கூடுதல்.

சிக்கல் என்னவென்றால், மஃப்ளர் சுற்றத் தேவையான அந்தத் துணியைத்தான் ஸ்லீவில் வெட்டி எடுத்துவிட்டார்கள். வங்கி பாஷையில் சொன்னால், அடமானம் வைத்த நகையை மீட்கலாம், விற்ற நகையை மீட்க முடியாது. நான் ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்றால் இதற்காகத்தான்.

மாத்திரைக்கும் அடங்காததால் 2023ல் மச்சினனுக்கு பைபாஸாக மாற்றினார்கள். இரைப்பையின் மேல்பக்கம் முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பை, அதில் சிறுகுடலை நேராக இணைப்பது. அமிலமும் பித்தமும் வெகு கீழே போய்ச் சேர்வதால் மேலே ஏறுவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. எடையும் எதுக்களிப்பும் சேர்ந்து இருப்பவர்களுக்குப் பல சர்ஜன்கள் முதலிலேயே இதைச் சொல்வது இதனால்தான். மினி பைபாஸ் என்று ஒற்றை இணைப்பில் செய்வதும் இருக்கிறது. அதில் பித்தம் அந்தச் சின்னப் பைக்குள் வர வழி உண்டு என்பதால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பைபாஸும் இலவசமில்லை. பி12, இரும்பு, கால்சியம் ஆயுசுக்கும் (சைவக்காரர்கள் பி12 விஷயத்தில் இரட்டிப்புக் கவனம்). தலைவலிக்கு இஷ்டத்துக்கு புரூஃபென் போட முடியாது, இணைப்பில் புண் வரும். இனிப்பை ஒரேயடியாக உள்ளே தள்ளினால் படபடவென்று வியர்த்து மயக்கம் வரலாம்.

இன்ஷூரன்ஸ் பற்றி, என் தொழில் புத்திக்கு ஒரு வரி. காப்பீட்டு ஆணையம் 2019ல் வகுத்த பொது வாசகப்படி எடை குறைப்பு ஆபரேஷனுக்கு பி.எம்.ஐ. 40, அல்லது 35உடன் இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு, அடங்காத சர்க்கரை போன்றவை இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் எதுக்களிப்பு கிடையாது. உங்கள் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று அட்மிட் ஆகும் முன்பே படியுங்கள்.

என் கதை? பி.எம்.ஐ. 33, பத்து வருஷமாகப் பான்டோப்ரசோல். ஃபண்டோப்ளிகேஷன் வேண்டுமா என்று கேட்கப் போனேன். முதலில் எண்டோஸ்கோபி, 24 மணி நேர பிஎச் டெஸ்ட், உணவுக்குழாய் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்று பார்க்கும் மேனோமெட்ரி, அப்புறம் பேசலாம் என்றார் டாக்டர். தள்ளும் சக்தி குறைவாக இருந்தால் முழுச் சுற்று சுற்றக் கூடாதாம், சோறு இறங்காது. அதுவரை ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குலக் கட்டை. நடுராத்திரியில் தங்கமணி சறுக்கிக்கொண்டு கால்மாட்டுக்குப் போய்விடுகிறாள், அது தனிப் பதிவு.

அன்று டாக்டரிடம் பேச எங்கள் கிளையின் கேஷியர் அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொண்டு போனேன். நெஞ்சு கரிப்பு 'சீனே மே ஜலன்'. புளித்த ஏப்பம் 'கட்டீ டகார்'. எதுக்களிப்புக்கு மட்டும் அந்த அம்மாவும் ஒற்றை வார்த்தை சொல்லவில்லை, 'கானா கலே தக் வாபஸ் ஆதா ஹை' என்று ஒரு முழு வாக்கியமே எழுதிக் கொடுத்தார். அதைப் படித்துக் காட்டியதும்தான் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.