கழித்த பிறகு மிஞ்சுவது

காந்த நடுக்கோட்டின் மேலே பகலில் அயனிமண்டலப் பிளாஸ்மா நொடிக்கு 20, 30 மீட்டர் வேகத்தில் மேலெழுகிறது. அதை எழுப்பும் கிழக்கு நோக்கிய மின்புலம் மீட்டருக்கு ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. அதை அளக்கப்போகும் செயற்கைக்கோளோ நொடிக்கு 7.5 கி.மீ. வேகத்தில் காந்தப்புலத்தை வெட்டிக்கொண்டு ஓடுகிறது. அந்த ஓட்டத்தால் மட்டுமே மீட்டருக்குச் சுமார் 200 மில்லிவோல்ட் தோன்றும். நாம் அளப்பதில் பெரும்பகுதி செயற்கைக்கோள் தானே உண்டாக்கியது. அதைக் கழித்தபின் மிஞ்சுவதே அயனிமண்டலம்.

2008 ஏப்ரலில் ஏவப்பட்ட சி-நாஃப்ஸ் செயற்கைக்கோள் 13 பாகைச் சாய்வில் சுற்றியது. மின்புலம் அளக்கும் அதன் இரட்டை ஆய்முனைகள் எதிரெதிர்க் கரங்களின் நுனியில் ஏறத்தாழ 20 மீட்டர் இடைவெளியில் நின்றன. தேடிய குறிகை அவற்றுக்கிடையே 15 மில்லிவோல்ட் அளவு. ஓட்டம் தந்ததோ 4 வோல்ட். கரத்தை இன்னும் நீட்டினால் முனைகளின் மேற்பரப்பு வேறுபாட்டால் வரும் பிழை சுருங்கும். ஓட்டத்தின் புலம் சுருங்காது. அது தரும் மின்னழுத்தம் குறிகையோடு சேர்ந்தே வளரும். இந்தப் புலம் மேல்-கீழாக நிற்பது. செயற்கைக்கோளின் திசையமைவு அறிவதில் ஒரு பாகை பிசகினால் கிழக்கு-மேற்குக் கூறில் மீட்டருக்கு 3, 4 மில்லிவோல்ட் கலந்து, தேடியதை விழுங்கிவிடும். இதற்கு மருந்து நீண்ட கரம் அல்ல, நல்ல விண்மீன் காமிரா.

அயனிகளின் நகர்வை அளந்து புலத்தைக் கணக்கிடும் வழியிலும் இந்தத் திசையமைவுச் சிக்கலிலிருந்து தப்ப முடியாது. 2013-இல் ஏவப்பட்ட ஸ்வார்ம் செயற்கைக்கோள்களின் அயனிப் படக்கருவிகள் அந்த வழியைச் சேர்ந்தவை. நொடிக்கு 25 மீட்டர் நகர்வு, 7.5 கி.மீ. வேகத்தில் எதிர்வரும் அயனி ஓட்டத்தை வெறும் 0.2 பாகைதான் சாய்க்கும்.

இதழுக்கு எழுதுவோரிடம் நாங்கள் கேட்பது நான்கு. மின்புலம் எந்தச் சட்டகத்தில் தரப்பட்டுள்ளது? புவியோடு சுழலும் சட்டகத்துக்கும் சுழலாச் சட்டகத்துக்கும் இடையே மட்டும் மீட்டருக்கு 10 மில்லிவோல்ட்டுக்கு மேல் வேறுபாடு உண்டு. திசையமைவுப் பிழை மில்லிவோல்ட் கணக்கில் எவ்வளவு? காந்தப்புலம் கருவியில் அளந்ததா, மாதிரியில் எடுத்ததா? நாள் முழுவதும் சராசரியெடுத்தால் மேல்நோக்கிய நகர்வு சுழியம் என்று கொண்டு அடிமட்டம் திருத்தப்பட்டதா? அப்படித் திருத்திய தரவை வைத்தே சராசரி சுழியம் என்று நிறுவ முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்கத் தரையில் சான்றுகள் உண்டு: பெருவின் ஹிகாமார்க்கா ராடார், நம் பகுதியில் திருநெல்வேலிக்கும் அலிபாகுக்கும் இடையிலான காந்தப்புல வேறுபாடு காட்டும் நடுக்கோட்டு மின்தாரை. பிந்தையது பகலுக்கு மட்டுமே உதவும், அதுவும் மறைமுகமாக. ஆனால் செயற்கைக்கோளின் வேகம் அதில் கலப்பதில்லை.

ஆகவே முடிவை மட்டும் அனுப்ப வேண்டாம். எதை, எவ்வளவு, எந்த நம்பிக்கையில் கழித்தீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.

– ஆசிரியர்