எந்திரம் இருந்தால் போதுமா?

இரத்தத்தில் கலந்த மருந்தைப் பிரித்து அளக்க "எல்.சி.எம்.எஸ். எந்திரம் வைத்திருக்கிறோம்" என்று ஆய்வுக்கூடங்கள் பீற்றிக்கொள்கின்றன. இருக்கட்டும் ஐயா, அளக்கும் முறையைச் சரிபார்த்தீர்களா? நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் வெறும் பெருக்கலுக்கே ஒன்பதால் சரிபார்த்துக் காட்டவேண்டும்!

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவருக்கு டாக்ரோலிமஸ் அளவு பார்க்கிறார்கள். இரத்தத்திலுள்ள கொழுப்புப் பொருள்கள் மருந்தோடு சேர்ந்து எந்திரத்துக்குள் வந்தால் அதன் அயனிகளை அமுக்கிவிடும். அளவு குறைவாகத் தெரியலாம். டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். கூடினால் அதே மருந்து புதுச் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

இந்த அமுக்கல் ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் மருந்துக் கம்பெனிகளுக்கான 2022-ஆம் வருட ஐ.சி.எச். எம்10 வழிகாட்டி, குறைந்தது 6 வெவ்வேறு மூலங்களிலிருந்து எடுத்த மாதிரிகளில் சோதித்து, விலகல் 15 சதவீதத்துக்குள் நிற்கவேண்டும் என்கிறது. நோயாளிக்கு மட்டும் எந்திரத்தின் போட்டோ போதுமா? அடுத்த முறை போகும்போது சரிபார்ப்புத் தாளைக் கேளுங்கள்.