கைப்பேசிப் பெட்டியிலும் காலாவதி தேதி வேண்டும்

பி.எம். கிசான் தவணைக்கான முக அடையாளச் சரிபார்ப்பைச் செயலி வழியாகச் செய்து காட்டும் பயிற்சி அது. நெல் விவசாயி ஒருவர் தன் கைப்பேசியை நீட்டினார். வாங்கி எட்டு ஆண்டு இருக்கும். திரையில் ஒரு கீறல்கூட இல்லை. பேசலாம், யூடியூப் பார்க்கலாம். செயலியை நிறுவப் போனால் மட்டும், இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது என்கிறது. "போன் நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார்.

போன் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குள் இருக்கும் இயங்குதளமான ஆண்ட்ராய்டுதான் பழையதாகிவிட்டது. 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4க்கான தன் சேவை ஆதரவை கூகுள் 2023இல் நிறுத்தியது. கணினியிலும் இதே கதைதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

நிறுவனங்களின் வாதத்தை முற்றாக ஒதுக்க முடியாது. ஒவ்வொரு பழைய பதிப்பிலும் செயலியைச் சோதித்துப் பார்க்க ஆளும் பணமும் வேண்டும். புதிய பாதுகாப்பு வசதிகள் சிலவற்றைப் பழைய கருவி தாங்காது. ஆனால், முடியவே முடியாது என்பதை ஏற்பதற்கில்லை. 2014 ஏப்ரலில் ஆதரவு முடிந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு, 2017 மே மாதம் வான்னாகிரை தாக்குதல் உலகைக் கலக்கியபோது மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது.

பழைய போனுக்குப் புதுப்புது வசதிகள் வேண்டும் என்று எந்த விவசாயியும் கேட்கவில்லை. பாதுகாப்புத் திருத்தம் எந்த ஆண்டுவரை வரும் என்பது வாங்கும்போதே தெரிய வேண்டும், அவ்வளவுதான். பூச்சிக்கொல்லிப் புட்டியில் காலாவதி தேதி இல்லாவிட்டால் கடைக்காரரை விடுவோமா? சான்று பெற்ற விதைக்குச் செல்லுபடிக் காலம் பரிசோதனை நாளிலிருந்து 9 மாதம். அதன்பின் முளைப்புத்திறனை மறுபடி சோதித்து, தேறினால் மேலும் 6 மாதம் நீட்டிக்கிறோம். சில நூறு ரூபாய் விதைப் பைக்கு இருக்கும் இந்த ஒழுங்கு, பத்தாயிரம் ரூபாய் கைப்பேசிக்கு ஏன் கூடாது? ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு இயங்குதளத் திருத்தங்களைக் கட்டணமின்றித் தரவேண்டும் என்ற விதி 2025 ஜூன் 20 முதல் நடப்பில் உள்ளது. அதே நிறுவனங்கள் சிலதான் நம் ஊரிலும் கடை விரித்திருக்கின்றன.

துறைகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவி சரிபார்ப்பைப் பொறுத்திருக்கும்போது, செயலி எழுதுபவர் தன் மேசையிலுள்ள புதுப் போனில் மட்டும் சோதித்தால் போதாது. கிராமத்தில் புழங்கும் போனிலும் அது ஓட வேண்டும். ஓடிபி, விரல் ரேகை வழிகளையும் எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது. மேலே சொன்ன விவசாயிக்குக் கடைசியில் பொது சேவை மையம்தான் கைகொடுத்தது. களை பறித்துத் தேய்ந்த விரல், மூன்றாம் முறைதான் பதிந்தது. அரை நாள் போயிற்று.

விரிவாக்கப் பணியாளர்கள் அடுத்த கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொருவர் போனிலும் 'அமைப்புகள்' பகுதிக்குப் போய் ஆண்ட்ராய்டு பதிப்பையும் கடைசிப் பாதுகாப்புத் திருத்தத் தேதியையும் பார்க்கச் சொல்லலாம். அந்தத் தேதி பல ஆண்டு பழையது என்றால், அந்தப் போனில் வங்கிச் செயலியும் பணப் பரிமாற்றமும் வேண்டாம். செயலி ஏறவில்லை என்பதற்காக, வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ஏபிகே கோப்பை ஒருபோதும் நிறுவக்கூடாது, பி.எம். கிசான் பெயரிலேயே போலிச் செயலிகள் சுற்றுகின்றன. பயிர் சந்தேகங்களுக்குக் கிசான் அழைப்பு மையம் இருக்கிறது: 1800-180-1551. கட்டணமில்லை, பட்டன் போனிலிருந்தும் பேசலாம்.