கோள்களுக்குப் பயமா? கடவுள் மேல் நம்பிக்கையா?

சனிப்பெயர்ச்சி வருகிறது என்றால் மதுரையில் பத்து நாளைக்கு முன்பே தெரிந்துவிடும். பெட்டிக்கடைகளில் ராசிபலன் புத்தகங்கள் தொங்கும். டீக்கடையில் "உங்க ராசிக்கு எப்படி இருக்காம்?" என்ற பேச்சு ஓடும். குச்சனூருக்கும் திருநள்ளாறுக்கும் வேன்கள் கிளம்பும். எள் விளக்கு, ஹோமம், பரிகாரம்... கையில் காசு இல்லாதவர்கள்கூட கடன் வாங்கிச் செய்வார்கள். பார்ப்பதற்கு பக்தி மாதிரிதான் இருக்கும். உள்ளே இருப்பது பயம்!

ஆனால் நாளையும் கோளையும் பார்க்காமல் கிளம்பி வந்த ஒரு பிள்ளையை வரவேற்ற ஊரும் இதே மதுரைதான்.

கதை பலருக்கும் தெரிந்ததே. 7-ம் நூற்றாண்டு. பாண்டிய மன்னன் சமணத்தைத் தழுவியிருந்தான். அரசி மங்கையர்க்கரசியும் அமைச்சர் குலச்சிறையாரும் சைவர்கள். அப்போது திருமறைக்காட்டில், அதாவது இன்றைய வேதாரண்யத்தில் இருந்த திருஞானசம்பந்தரை அவர்கள் ஆள் அனுப்பி மதுரைக்கு அழைத்தார்கள். உடன் இருந்த திருநாவுக்கரசர் தடுத்தார். சமணர்களிடம் தான் பட்ட பாட்டைச் சொல்லி, கோள்நிலையும் இப்போது சரியில்லை, போக வேண்டாம் என்றார்.

தடுத்தவர் யார் என்று கவனியுங்கள். சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தபோதும், கல்லில் கட்டிக் கடலில் போட்டபோதும் கலங்காதவர் என்று பெரியபுராணம் சொல்லும் அதே அப்பர்! தன் உயிருக்குப் பயப்படாதவர், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தார். பயம் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது. தனக்காக ஜாதகத்தைத் தொடாத அப்பாகூட மகளுக்காக ஜோசியர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். அதனால் பரிகாரம் தேடி ஓடுபவர்களை முட்டாள்கள் என்று சிரிப்பது சரியில்லை. பாசம்தான் அவர்களை ஓட வைக்கிறது.

சம்பந்தர் பதிலாகப் பாடியதுதான் கோளறு பதிகம். ஞாயிறு, திங்கள் தொடங்கி ராகு கேது எனப்படும் இரண்டு பாம்புகள் வரை எல்லாவற்றையும் பெயர் சொல்லி அழைத்து, இறைவன் உள்ளத்தில் இருப்பதால் அடியாருக்கு இவை எல்லாமே நல்லவைதான் என்றார். கோள்களே இல்லை என்று அவர் வாதாடவில்லை. அவற்றைச் சமாதானப்படுத்தப் பூசையும் செய்யவில்லை. நல்ல நாளுக்காகக் காத்திருக்கவும் இல்லை. பாடினார், கிளம்பினார். அவ்வளவுதான்!

மதுரையில் அவருக்கு எல்லாம் சுகமாக நடந்ததா? இல்லை. அவர் தங்கியிருந்த மடத்துக்கே தீ வைத்தார்கள் என்கிறது பெரியபுராணம். ஆக, கடவுளை நம்பினால் ஆபத்து வராது என்பது இதன் பொருள் அல்ல. ஆபத்து வந்தாலும் யாரிடம் போய் நிற்பது என்பதில் குழப்பம் இல்லை, அதுதான் நம்பிக்கை.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? இன்றைக்குக் கோளறு பதிகமே ஒரு பரிகாரமாகிவிட்டது! இத்தனை நாள், இத்தனை முறை படித்தால் கிரக தோஷம் போகும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பயப்படாதே என்று சொன்ன பாட்டைப் பயந்துகொண்டே படிக்கிறார்கள். பயம் அப்படிப்பட்டது. எதைக் கொடுத்தாலும் அதைத் தாயத்தாக மாற்றிக் கட்டிக்கொள்ளும்.

சரி, பயப்படும் அளவுக்கு அந்தக் கணக்கில் என்னதான் இருக்கிறது? ஜோதிடர்களின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சனி ஒரு ராசியில் சுமார் இரண்டரை ஆண்டு இருக்கும். அந்த ராசிக்கும் அதன் முன்னும் பின்னும் உள்ள ராசிகளுக்கும் ஏழரைச் சனி. ஆக 12 ராசிகளில் 3 ராசிகள் எப்போதும் ஏழரையில். அஷ்டமச் சனிக்கு ஒரு ராசி, அர்த்தாஷ்டமச் சனிக்கு ஒரு ராசி, ஏழாம் இடத்துக் கண்டகச் சனிக்கு ஒரு ராசி. மொத்தம் 6. அதாவது எந்த நாளில் கேட்டாலும் ஊரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு சனி சரியில்லை! பெரிய குடும்பம் என்றால் யாராவது ஒருவர் மாட்டிக்கொண்டே இருப்பார். இந்தப் பயத்துக்கு ஓய்வே கிடையாது.

அது மட்டுமா? திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று சனி மீனத்துக்குப் போய்விட்டது. திருநள்ளாறு கோயில் நிர்வாகமோ, இங்கே வாக்கியப் பஞ்சாங்கம்தான், பெயர்ச்சி 2026-ல்தான் என்று அறிவித்தது. ஒரே சனி பல மாதங்கள் ஒரு பஞ்சாங்கத்தில் கும்பத்திலும் இன்னொன்றில் மீனத்திலும் இருந்தது! மேஷ ராசிக்காரர் ஏழரைக்குப் பயப்படுவதா வேண்டாமா என்பது அவர் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்துப் போனது.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் பரவாயில்லை. கல்யாணப் பேச்சில் பாருங்கள். மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு, விசாகம் இளைய மைத்துனருக்கு ஆகாது. 27 நட்சத்திரங்களில் 4 போய்விட்டன. கிட்டத்தட்ட ஏழு பெண்களில் ஒருவர் பிறந்த நேரத்தாலேயே குற்றவாளி! இதற்கு மேல் செவ்வாய் தோஷம் வேறு. படித்து, வேலைக்குப் போய், குடும்பத்தையும் தாங்கும் பெண்கள் இதற்காகவே ஆண்டுக்கணக்கில் தட்டிக்கழிக்கப்படுகிறார்கள். பொய்த் தெய்வம் எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. அது எப்போதும் பலி கேட்கும். பெரும்பாலும் வீட்டில் வாய் பேச முடியாதவர்களையே கேட்கும்.

பயம் புதுத் தெய்வங்களையும் உண்டாக்கும். 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது கோவை அருகே இருகூரில் 'கொரோனா தேவி' என்று சிலை வைத்துப் பூசை செய்தார்கள். அந்த நாட்களின் வேதனையை நினைத்தால் கேலி செய்ய மனம் வராது. ஆனால் அலை ஓய்ந்ததும் அந்தத் தேவியை எத்தனை பேர் நினைத்தார்கள்? பயத்தில் பிறந்த பக்தி பயம் போனதும் போய்விடும்.

இது ஒரு மதத்தின் பிரச்சினை மட்டும் அல்ல. பைபிளில் சவுல் அரசன் குறி சொல்பவர்களை நாட்டை விட்டே துரத்தியவன். பெலிஸ்தியர் படையைக் கண்டு நடுங்கியதும் இரவில் மாறுவேடம் போட்டுக்கொண்டு குறி சொல்லும் பெண்ணிடமே போய் நின்றான்!

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. பொய்த் தெய்வம் என்றதும் பக்கத்து வீட்டுக்காரரின் தெய்வத்தைக் கைகாட்டுபவர்கள் உண்டு. சம்பந்தர் கதையின் முடிவில் சமணர்களைக் கழுவேற்றியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அது வரலாற்றில் உண்மையாகவே நடந்ததா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கீழக்குயில்குடி சமணர் மலையில் உள்ள தீர்த்தங்கரர் சிற்பங்கள் 9, 10-ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சம்பந்தர் வந்து போய் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் சமணர்கள் மதுரையைச் சுற்றி வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்த மலையே சாட்சி. கதையில் கொண்டாட வேண்டிய இடம் கழுமரம் அல்ல, வேதாரண்யத்தில் கிளம்பிய அந்த நிமிடம்தான். தன் கடவுளை உண்மையாக நம்புகிறவனுக்கு அடுத்தவன் கும்பிடுவதைப் பார்த்துப் பயம் வராது.

"பரிகாரம் செய்தால் மனசுக்கு ஒரு ஆறுதல்தானே, அதில் என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். ஆறுதல் கிடைப்பது உண்மைதான். ஆனால் அது அடுத்த பெயர்ச்சி வரைதான் தாங்கும். பிறகு மறுபடியும் வேன், மறுபடியும் எள் விளக்கு. அதிகாரிக்குக் கவர் கொடுத்து வேலையை முடித்துக்கொள்பவர் அந்த அதிகாரியை நம்புகிறார் என்று யாராவது சொல்வார்களா?

நம்பிக்கை என்றால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதும் அல்ல. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பரீட்சை வந்தால் படிக்க வேண்டும். பெண் பார்க்கப் போனால் பெண்ணைப் பார்க்க வேண்டும், கட்டத்தை அல்ல! செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு மிச்சத்தைக் கடவுளிடம் விடுவதுதான் நம்பிக்கை.

ஒருவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்பதை வைத்து அவருடைய கடவுள் யார் என்று சொல்லிவிட முடியாது. எதற்குப் பயந்து முடிவெடுக்கிறாரோ, அதுதான் அவருடைய கடவுள். மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து ராகுகாலம் பார்த்து நடுங்கினால், உள்ளே கும்பிட்டது யாரை?