மேம்பாலம் ஏறாத ஸ்கூட்டர்

தில்லியில் மலை என்று சொல்லிக்கொள்ள ஆரவல்லித் தொடரின் வால்போல நீண்டு கிடக்கும் ரிட்ஜ் ஒன்றுதான் உண்டு. ஆனால் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றத்துக்குக் குறைவில்லை. 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி சூடுபிடித்த மேம்பாலக் கட்டுமானம் இன்றுவரை ஓயவில்லை. பஸ்ஸும் லாரியும் பின்னால் ஹாரன் அடிக்க, பாலத்தின் பாதியில் மூச்சு வாங்கும் சின்ன மின்சார ஸ்கூட்டர் தலைநகரத்தில் பழகிப்போன காட்சி.

ஓட்டுகிறவர் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகும் இளைஞராக இருக்கலாம். டியூஷனுக்குப் போகும் பள்ளி மாணவியாக இருக்கலாம். காய்கறி வாங்கப் புறப்பட்ட ஓய்வுபெற்ற குமாஸ்தாவாகவும் இருக்கலாம். மூவரையும் இந்த வண்டியின்பால் ஈர்த்தது ஒரே விஷயம்தான். இதற்கு லைசென்ஸ் வேண்டாம், பதிவு எண் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம். சலான் பயம் இல்லை.

மூவருக்கும் சீக்கிரமே வரும் மனக்குறையும் ஒன்றுதான்: வண்டி 25 கிலோமீட்டரைத் தாண்ட மறுக்கிறது. அதற்கு மருந்து மெக்கானிக்கிடம் இருக்கிறது. பல வண்டிகளில் மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போகவேண்டும் என்று தீர்மானிக்கும் கன்ட்ரோலர் பெட்டியில் வேகத்தைக் கட்டிப்போட என்றே ஓர் ஒயர் இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் வண்டி 40, 45 வரை பாயும். சிலவற்றில் பூட்டு மென்பொருளில் இருக்கும். அதைத் திறக்கவும் ஆட்கள் உண்டு. சில நிமிட வேலை, சில நூறு ரூபாய்.

பெட்ரோல் வண்டிகளின் உலகில் இது பழைய கதை. ஐரோப்பாவில் மொபெட்டுக்கு 45 கிலோமீட்டர் உச்சவரம்பு. அதைக் காப்பாற்ற, கம்பெனிகள் கியர் பெட்டியில் ஒரு வளையத்தைச் செருகும். புகைக் குழாயின் வாயைக் குறுக்கும். பதினாறு வயதுப் பையன்கள் அவற்றைக் கழற்றி எறிவார்கள். இது ஓயாத தொல்லை ஆனதால், எளிதில் கைவைக்க முடியாதபடி வண்டியைத் தயாரிக்க வேண்டும் என்று 2013-ல் ஐரோப்பிய யூனியன் விதி செய்தது. இந்தியாவில் அந்தத் தொல்லை மின்சார உருவில் வந்து சேர்ந்திருக்கிறது. 25-ஐத் தாண்டும்படி மாற்றப்பட்ட மின் ஸ்கூட்டர்களைப் பிடிக்க 2022-ல் மகாராஷ்டிரத்தில் போக்குவரத்து அதிகாரிகள் சோதனையில் இறங்கினார்கள்.

இந்த 25 எங்கிருந்து வந்தது? 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு சலுகை உண்டு. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே, பாட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள். இவை அங்கீகரிக்கப்பட்ட சோதனைக் கூடத்தில் உறுதியானால் அந்த வண்டி சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே அல்ல, ஏறக்குறைய சைக்கிள். அதாவது இது ஒரு பேரம். மெதுவாகப் போக ஒப்புக்கொள்கிறவரை அரசாங்கம் கண்டுகொள்வதில்லை.

பேரத்தில் ஒரு பக்கம் மீறப்பட்டால் மறுபக்கமும் போய்விடும். ஒயரைக் கழற்றிய கணத்தில் சைக்கிள் மோட்டார் வாகனம் ஆகிறது. லைசென்ஸ் இல்லாமல், பதிவு இல்லாமல், இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓடுகிற மோட்டார் வாகனம். 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி லைசென்ஸ் இல்லாத குற்றத்துக்கு மட்டும் 5,000 ரூபாய். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றி அமைத்ததற்கு ஆறு மாதம்வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய், அல்லது இரண்டும். ஓட்டியது பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்றால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் காத்திருக்கின்றன. பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த ‘லைசென்ஸ் வேண்டாத வண்டி’ அப்பாவைக் கோர்ட்டில் நிறுத்திவிடும்.

அபராதம்கூடப் பெரிதல்ல. அப்படி ஒரு வண்டி நடந்துபோகும் ஒருவர் மேல் மோதினால் அடையாளம் காட்ட எண் இல்லை. நஷ்டஈடு தர இன்ஷூரன்ஸ் கம்பெனி இல்லை. ஓட்டியவர் பிடிபட்டாலும் தீர்ப்பாயம் சொல்லும் தொகையை அவர் தன் வீட்டை, நகையை விற்றுத்தான் தரவேண்டும். விற்க ஒன்றும் இல்லாதவர் என்றால் அடிபட்டவருக்கு ஒன்றும் கிடைக்காது.

இத்தனை ஆபத்தையும் விலையாகக் கொடுத்து வாங்கியதாவது உருப்படியா? மேம்பாலம் ஏறவேண்டும் என்பதுதானே பலருடைய குறை. அதற்கு இந்த வைத்தியம் உதவாது. வேகம் வேறு, ஏறும் பலம் வேறு.

ஒரு சின்னக் கணக்கு. வண்டி, பாட்டரி, ஆள் எல்லாம் சேர்த்து 150 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். சமதளத்தில் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓட, டயரின் உராய்வையும் காற்றின் எதிர்ப்பையும் சமாளிக்கச் சுமார் 250 வாட் தேவை. முப்பது அடிக்கு ஓர் அடி உயரும் பாலத்தில் அதே வேகத்தில் ஏற மேலும் 340 வாட் வேண்டும். மொத்தத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். 250 வாட் என்பது மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. சில நிமிடங்களுக்கு அது கூடுதலாகவும் இழுக்கும், ஆனால் சூடாகும். அதனால்தான் பாதிப் பாலத்தில் வண்டி தளர்கிறது. அந்த இடத்தில் வண்டி 25-ஐ எட்டவே இல்லை. எட்டாத வேகத்துக்குப் போட்ட பூட்டைத் திறந்து என்ன பயன்?

பூட்டைத் திறப்பதன் பலன் தெரிவது பாலத்தின் மறுபக்கத்தில், இறக்கத்திலும் சமதளத்திலும். 45-ல் ஓடும் வண்டியின் வேகத்தில் அடங்கியிருக்கும் சக்தி 25-ல் இருந்ததைப்போல மூன்று மடங்குக்கும் அதிகம். பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரமும் அதே கணக்கில் கூடுகிறது. பிரேக்கும் டயரும் சட்டமும் 25-க்காகச் செய்தவை. சமதளத்தில் தேவைப்படும் சக்தி ஆயிரம் வாட்டை நெருங்கும். ஒரு சார்ஜில் ஓடும் தூரம் பாதியாகும். ஏறும் பலமும் வேண்டுமென்று கன்ட்ரோலரையே மாற்றி மோட்டாருக்குள் இரண்டு மடங்கு மின்னோட்டத்தைச் செலுத்தினால், கம்பிச் சுருளில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்கு. ஒயர், இணைப்பு, பாட்டரி எல்லாம் அந்தச் சூட்டைத் தாங்கவேண்டும். கைவைக்காத வண்டிகளிலேயே பாட்டரி விஷயத்தில் எச்சரிக்கை தேவைப்படுகிற காலம் இது. 2022 மார்ச்சில் வேலூரில், மின் ஸ்கூட்டர் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தபோது பற்றிய தீயில் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நிகழ்ந்த இத்தகைய விபத்துகளுக்குப் பிறகே பாட்டரி பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன.

அப்படியானால் 250 வாட்டோடு மேம்பாலத்தில் தவிக்கிறவருக்கு என்ன வழி? இதே தில்லி இதே சிக்கலை வேறொரு வண்டியில் பார்த்து, ஒரு தீர்வும் கண்டிருக்கிறது.

2010-க்குப் பிறகு தலைநகரத் தெருக்களை நிறைத்த ஈ-ரிக்‌ஷாக்களும் இதே 250 வாட் சலுகையின் நிழலில்தான் வந்தன. நாலு பேரை ஏற்றிக்கொண்டு 250 வாட்டில் நகர முடியாது என்பது ஓட்டியவருக்கும் தெரியும், விற்றவருக்கும் தெரியும். உண்மையில் மோட்டார்கள் பெரிதாகவே இருந்தன. எண் இல்லை, லைசென்ஸ் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை. 2014 ஜூலையில் திரிலோக்புரியில் ஈ-ரிக்‌ஷா ஒன்று ஒரு தாயை இடிக்க, அவர் கையிலிருந்த குழந்தை கொதிக்கும் சர்க்கரைப் பாகில் விழுந்து இறந்தது. அந்த மாதக் கடைசி நாளில் தில்லி உயர் நீதிமன்றம் ஈ-ரிக்‌ஷாக்களைத் தடை செய்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு நின்றது.

அதன்பின் அரசு செய்தது கவனிக்கத்தக்கது. 2014 அக்டோபரில் புதிய விதிகள். 2015-ல் சட்டத் திருத்தம். மோட்டாரின் சக்தி 2,000 வாட் வரை இருக்கலாம் என்று அனுமதித்தார்கள். ஆனால் வேகம் 25-ஐத் தாண்டக்கூடாது. கூடவே பதிவு எண், லைசென்ஸ், இன்ஷூரன்ஸ். அதாவது இழுக்கும் பலத்தையும் ஓடும் வேகத்தையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். பலத்தைக் கொடுத்து, வேகத்தைப் பிடித்துவைத்து, பொறுப்பையும் கட்டினார்கள். நடைமுறையில் ஓட்டைகள் ஏராளம், தத்துவம் சரியானது.

சின்ன ஸ்கூட்டருக்கு ஏன் அது பொருந்தாது? வேகத்தை 25-லேயே நிறுத்தி, ஏற்றத்துக்குத் தேவையான சக்தியை மட்டும் கூட்டி அனுமதிக்கலாம். பதிலுக்கு ஓர் எளிய பதிவு எண்ணும் மலிவான இன்ஷூரன்ஸும் கேட்கலாம். நெரிசலுக்கு நடுவே ஏற முடியாமல் நிற்கும் வண்டியும் ஆபத்துதான். சட்டம் அதைக் கண்டுகொள்ளாதவரை மெக்கானிக்கின் கத்தரிக்கோலுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். இந்த வேலை பெருகவும் வாய்ப்புண்டு: சாப்பாடும் சாமானும் கொண்டுசேர்க்கும் பெரிய நிறுவனங்களின் வண்டிகள் எல்லாம் 2030-க்குள் மின்சாரத்துக்கு மாறவேண்டும் என்று தில்லி அரசு 2023 நவம்பரில் திட்டம் அறிவித்தது. நேரத்துக்கு ஓடவேண்டியவர் கையில் 25 கிலோமீட்டர் வண்டி இருந்தால் அவர் எங்கே போவார் என்று யூகிப்பது கஷ்டமல்ல.

விதி மாறும்வரை வாங்குகிறவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தினசரிப் பாதையில் மேம்பாலமோ ரிட்ஜின் ஏற்றமோ இருந்தால், பச்சை எண் பலகையோடு வரும் பதிவுபெற்ற மின் ஸ்கூட்டரை வாங்குவது. லைசென்ஸ் எடுக்கவேண்டும், இன்ஷூரன்ஸ் கட்டவேண்டும், விலையும் கூடுதல். ஆனால் அந்த மோட்டார் ஏற்றத்தை எண்ணிச் செய்தது. பிரேக்கும் அந்த வேகத்துக்கென்றே வடிவமைத்தது. “ஒயரை எடுத்துவிட்டால் நாற்பது போகும், சார்” என்று கடைக்காரர் காதோரம் சொன்னால், அவரிடம் கேட்க ஒரே கேள்விதான்: அதை பில்லில் எழுதித் தருவாரா?