வசூல் நோட்டையும் பாருங்கள்

2025 அக்டோபர் 17 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. ஆணவக்கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் கொண்டுவருவது குறித்துப் பரிந்துரை செய்ய, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம். கேட்டதும் கைதட்டியவர்கள் உண்டு. எனக்குக் கை எழவில்லை. ஆணையமே வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. எதைக் குற்றம் என்று வைத்துக்கொண்டு ஆராய்வது என்பதுதான் கேள்வி.

ஆணையம் நமக்கென்ன புதுசா? 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேரை உயிரோடு கொளுத்தினார்கள். கணபதியா பிள்ளை ஆணையம் வந்தது. எதை ஆராய? கூலியை. எரிந்தது உசுரு, அளந்தது நெல்லு. 1999 ஜூலை 23இல் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். காவல்துறை மேல் தப்பில்லை என்று மோகன் ஆணையம் எழுதிக் கொடுத்தது. கேள்வியைக் கோணலாக வைத்தால் பதிலும் கோணலாகத்தான் வரும்.

ஆணவக்கொலை என்றதும் அப்பன் கோபம், அண்ணன் ரோஷம், பெத்த வயிறு எரியாதா என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் சொல்கிறேன், இது அமைப்பாகச் சேர்ந்து செய்கிற குற்றம். கடத்தல் கும்பலுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் இதற்கும் உண்டு: துப்புச் சொல்ல ஆள், வண்டி, பணம், காவல் நிலையத்தில் வேண்டப்பட்டவர், வழக்கு நடத்த வசூல்.

2015 ஜூன் 23இல் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கோகுல்ராஜைக் கடத்திக்கொண்டு போனது பொண்ணு வீட்டார்கூட இல்லை. ஒரு சாதி அமைப்பின் தலைவனும் அவன் ஆட்களும். இதில் எந்தப் பெத்த வயிறு எரிந்தது? 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். 2020இல் உயர்நீதிமன்றம் ஐந்து பேருக்கு ஆயுள் என்றது. பொண்ணின் அப்பா செய்ததாகச் சொன்ன சதி நிரூபிக்கப்படவில்லை என்று அவரை விடுதலை செய்தது. சரி, அந்த ஐந்து பேருக்கும் சங்கரோடு என்ன வரப்புத் தகராறா? யாருக்காக வெட்டினாங்க? அதற்கு இன்றுவரை விடையில்லை.

காவல்துறை எங்கே நின்றது? 2003 ஜூலையில் முருகேசனுக்கும் கண்ணகிக்கும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். உள்ளூர்ப் போலீஸ் முருகேசனின் உறவினரையும் சேர்த்துக் குற்றவாளியாக்கியது. மத்தியப் புலனாய்வுத் துறை வந்து, 2021இல் தீர்ப்பாகி, தண்டனை பெற்ற 13 பேரில் காவல் அதிகாரிகளும் இருந்தார்கள். பதினெட்டு வருசம்!

பாதுகாப்பு கேட்டு வந்த ஜோடிகளோடு நானும் காவல் நிலையப் படி ஏறியிருக்கிறேன். மனு ரசீது கைக்கு வரும் முன்னே வாசலில் பொண்ணு வீட்டு வேன் வந்து நிற்கும். நாங்க வந்தது அவுங்களுக்கு எப்படிங்க தெரியும் என்று கேட்டால், “பெத்தவங்களுக்குச் சொல்லாம இருக்க முடியுமா தம்பி” என்கிறார் ஆய்வாளர்.

2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவு திட்டமிட்ட குழுக் குற்றத்துக்கு இலக்கணம் சொல்கிறது. கூலிக்கொலை அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பொருள் ஆதாயம் இருக்க வேண்டுமாம். முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை இருக்க வேண்டுமாம். ஊர்ப் பெரிய மனுசன் மேல ஏதுய்யா குற்றப்பத்திரிகை? அவர் பெயர் பள்ளிக்கூடத்துக் கல்வெட்டில் அல்லவா இருக்கும்!

ஆதாயம் இல்லையா? 1989 முதல் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு உண்டு. 2005இல் நாடு முழுக்க வந்தது. சேரிப் பையனைக் கட்டினால் நிலம் எங்கே போகும்? வரப்பைத் தாண்டிப் போகும். அந்த வரப்புக்குத்தான் அரிவாள். அகமணம்தான் சாதியின் உயிர்நிலை என்று 1916இலேயே அம்பேத்கர் எழுதிவிட்டார். கௌரவம் என்பது அந்த நிலத்துக்குப் போர்த்திய பட்டு.

ஆலோசனைக்கும் இங்கே பஞ்சமில்லை. இந்தியச் சட்ட ஆணையம் 2012இல் தன் 242ஆவது அறிக்கையில் மசோதாவே எழுதிக் கொடுத்தது. சக்தி வாகினி வழக்கில் 2018இல் உச்சநீதிமன்றம் பாதுகாப்பு இல்லங்களும் மாவட்டத் தனிப்பிரிவுகளும் அமைக்கச் சொன்னது. கடமை தவறும் அதிகாரி மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அதற்குப் பிறகு 2025 ஜூலை 27இல் நெல்லையில் கவின் வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவனின் பெற்றோர் இருவரும் காவல் உதவி ஆய்வாளர்கள்.

எனவே எந்த ஆணையம் அமைந்தாலும், எந்தச் சட்டம் வந்தாலும் நாம் விடாமல் கேட்க வேண்டியது இதுதான். வெட்டியவனோடு கோப்பை மூடாதே. கூட்டம் போட்டவனை, வண்டி கொடுத்தவனை, துப்புச் சொன்ன காவலரை, வழக்குக்கு வசூல் செய்த சங்கத்தைக் குற்றவாளியாகச் சேர். சாதிச் சங்கத்தின் வசூல் நோட்டைச் சாட்சிப் பொருளாக எடு. விசாரணையை விருந்தினர் மாளிகையில் வைக்காதே, சேரியில் வை. அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்க நாள் குறி. நாள் குறிக்காத அறிக்கைகள் அலமாரியில் கிடக்கின்றன. எங்கள் பிள்ளைகள் பிணவறையில் கிடக்கிறார்கள்.