தந்தையார் பிறந்த நாள்

திருச்சபையின் வழிபாட்டு நாள்காட்டியில், மண்ணுலகில் பிறந்த நாளுக்கென்று விழாப் பெற்றவர்கள் மூவரே. டிசம்பர் 25இல் நம் ஆண்டவர், செப்டம்பர் 8இல் தேவ அன்னை, ஜூன் 24இல் ஸ்நாபக அருளப்பர். (வேளாங்கண்ணிக்குக் காவியுடுத்தி நடந்து செல்வோரில் எத்தனை பேர், தாம் ஒரு பிறந்த நாள் விழாவுக்குச் செல்வதாக எண்ணுகிறார்களோ, அறியோம்!) மற்றப் புனிதர்களைப் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளிலேயே நினைவுகூருகிறோம். இது மிகப் பழைய வழக்கம். இரண்டாம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகர் ஆயர் புனித போலிகார்ப் வேதசாட்சியாக மரித்தபோது, அந்நகர்க் கிறிஸ்தவர்கள் அவருடைய எலும்புகளைச் சேகரித்து வைத்து, ஆண்டுதோறும் அங்கே கூடி, அவர் உயிர் நீத்த நாளையே அவருடைய பிறந்த நாளாகக் கொண்டாடத் தீர்மானித்தார்கள். விண்ணகத்தில் பிறந்த நாள் என்பது அவர்கள் கருத்து.

இதை இங்கே சொல்லக் காரணம், நமக்கு வந்த ஒரு கடிதம். எழுதியவர் ஒரு சகோதரி. தந்தையார் மறைந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அடுத்து வரும் அவருடைய பிறந்த நாளில், அவருக்குப் பிடித்தமான பருப்புப் பாயசம் வைத்து, மக்களையும் பேரப்பிள்ளைகளையும் ஒன்றாக அமர்த்திச் சோறிட வேண்டுமென்பது தாயாரின் விருப்பம். மூத்த தமையனாரோ, "மரித்தவருக்கு ஏது பிறந்த நாள்? ஆண்டு நினைவுக்குப் பூசை வைப்போம், அது போதும். மற்றதெல்லாம் நம் வேதத்துக்கு அடுத்ததல்ல" என்கிறாராம். அன்று முதல் தாயார் வீட்டில் அதிகம் பேசுவதில்லை.

தமையனாரின் எண்ணத்துக்கு மேலே சொன்ன பழைய வழக்கம் துணை நிற்பதுபோல் தோன்றும். ஆனால் திருச்சபையின் பொது வழிபாட்டு முறை வேறு. ஒரு வீட்டார் தம் நெஞ்சில் காத்துவரும் நாள் வேறு. பிறந்த நாளில் தந்தையை நினைக்கக் கூடாதென்று எந்தத் திருச்சபைச் சட்டமும் சொல்லவில்லை. உயிருள்ளவர்களுக்காகவும் இறந்தவர்களுக்காகவும் திருப்பலியை ஒப்புக்கொடுக்கக் குருவுக்கு உரிமையுண்டு என்று 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 901ஆம் எண் கூறுகிறது. பிறந்த நாளன்று அந்தக் கருத்துக்காகப் பங்குத் தந்தையை அணுகத் தயங்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் தமையனார் எண்ணிப் பார்க்கட்டும். சிறுமலர் தெரேசாவின் பெற்றோரான லூயி மார்த்தினும் செலியும் 2015 அக்டோபர் 18இல் புனிதர் பட்டம் பெற்றார்கள். லூயி இறந்தது 1894 ஜூலை 29. ஆயினும் இருவர்க்கும் திருநாள் ஜூலை 12. 1858இல் அந்நாளின் நள்ளிரவில் அலான்சோன் நகர ஆலயத்தில் நடந்த அவர்களுடைய திருமணமே அதற்குக் காரணம். இல்லறத்தின் நாளொன்றைத் திருச்சபையே தெரிந்தெடுத்துப் பீடத்தில் ஏற்றியிருக்கிறது.

அந்த லூயியின் கடைசிக் காலம் துயரமானது. அறிவு தடுமாறி, 1889 பிப்ரவரி முதல் 1892 மே வரை கான் நகர மனநோய் மருத்துவமனையில் கிடந்தார். கார்மேல் மடத்து அடைப்புக்குள் இருந்த மகளால் அருகிருந்து ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவும் முடியவில்லை. பின்னாளில் தன் வரலாற்றை எழுதிய தெரேசா இத்துன்பத்தை மறைக்கவில்லை. என்றாலும் அந்த ஏடுகளில் நாம் அதிகம் காணும் தந்தை, நோயாளி அல்லர். மாலைதோறும் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு லிசியே நகர வீதிகளில் உலாவி, ஒரு கோயிலில் நுழைந்து நற்கருணை சந்தித்து, வழியில் ஓரிரு காசுக்கு ஏதேனும் வாங்கித் தந்தவர். தூண்டிலோடு ஆற்றங்கரைக்குப் போனவர்.

நம் வீடுகளிலும் இதுதான் நிகழ வேண்டும். இறந்த நாள் வந்தால் மருத்துவமனைக் கட்டிலும், கடைசி மூச்சும், பெட்டி இறங்கிய குழியுமே கண்முன் நிற்கின்றன. எழுபது ஆண்டு வாழ்ந்தவரை அவருடைய கடைசி ஏழு நாளைக் கொண்டே நினைப்பது நியாயமா? பிறந்த நாள் அந்த முழு ஆயுளையும் திருப்பித் தருகிறது. தாயார் கேட்டது பாயசத்தை அல்ல, அதைத்தான்.

தந்தையைக் குறித்து நல்ல நினைவே இல்லாதவர்களும் நம் வாசகரிடையே உண்டு. குடித்தவர், அடித்தவர், வீட்டை விட்டுப் போனவர் என்று எழுதுகிறார்கள். அவர்களுக்கு நாம் புனித அகுஸ்தீனாரைக் காட்டுவோம். அவர் தந்தை பத்ரீசியுஸ் முன்கோபி, மனைவிக்குத் துரோகம் செய்தவர், வாழ்வின் இறுதிக்கட்டத்திலேயே கிறிஸ்தவரானவர். மகன் தம் நூலில் அவரை எங்கும் புகழ்ந்து உயர்த்தவில்லை. ஆனால் ஒன்பதாம் புத்தகத்தின் முடிவில், இதை வாசிப்போர் அனைவரும் தாய் மோனிக்காவோடு தந்தை பத்ரீசியுசையும் பலிபீடத்தில் நினைக்க வேண்டுமென்று மன்றாடுகிறார். தந்தையின் பெயரை அவர் எழுதுவது அந்த ஓரிடத்தில்தான். குற்றமற்றவருக்கு நம் செபம் எதற்கு? யூதா மக்கபே, போரில் மடிந்த தன் வீரர்களின் பாவத்துக்காக 2,000 வெள்ளிக் காசை எருசலேமுக்கு அனுப்பியதும் இந்த நோக்கத்தோடு அன்றோ?

ஆகவே அன்று பூசை வையுங்கள், பாயசமும் வையுங்கள். படத்தின் முன் கேக் வெட்டிக் கைதட்டுவது மட்டும் நமக்கு உவப்பாயில்லை. பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவைப் பற்றிச் சொல்லுங்கள், அவருடைய முன்கோபம் உட்பட. அவர் வாங்கித் தீர்க்காமற்போன கைம்மாற்று ஏதேனும் உண்டா, கூலி பாக்கி உண்டா என்று விசாரித்து அன்றே கொடுத்துவிடுங்கள். நாளிதழில் படம் போட ஆகும் செலவைவிட இது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். முதற்கிண்ணம் பாயசம், தெருவில் தனித்திருக்கும் முதியவர் யாருக்காவது போகட்டும். கொண்டு போகிற பொறுப்பை மூத்த தமையனாருக்கே கொடுக்கலாம்.

தந்தையின் பிறந்த நாளே சரியாகத் தெரியாத வீடுகளும் பல. முந்தின தலைமுறையில் நம்மவர் கொண்டாடியது பெயர்கொண்ட புனிதரின் திருநாளை: சூசைக்கு மார்ச் 19, அந்தோணிக்கு ஜூன் 13. பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியோ, பலருக்கு வாத்தியார் உத்தேசமாய் எழுதியது. அத்தகையோர் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கட்டும். ஞானஸ்நானம் பெற்ற நாளோடு பிறந்த நாளும் ஊரும் அதில் எழுதப்பட வேண்டும் என்பது சட்டம். உறுதிபூசுதலும் திருமணமும் பின்னர் அதே இடத்தில் குறிக்கப்படும். உங்கள் பங்கு பிற்காலத்தில் பிரிந்ததாயின், பழைய ஏடு தாய்ப்பங்கில் இருக்கும். தாத்தா, பாட்டி பெயரையும், தெரிந்தால் ஞானப்பெற்றோர் பெயரையும் எழுதிக்கொண்டு போனால் தேடுவது எளிது. தாயாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.